வட்டின் கோளாறும் பதிவின் கோளாறும்

ஒரு டிவிடி கணினியில் தடையின்றி ஓடுகிறது, அதையே வரவேற்பறையில் உள்ள பிளேயரில் போட்டால் திக்குகிறது. இன்னொரு வட்டு முதல் ஒரு மணிநேரம் தெளிவாக ஓடிவிட்டு, முகூர்த்தம் முடிந்து மாலை வரவேற்பு தொடங்கும் கட்டத்தில் சதுரஞ்சதுரமாகச் சிதறுகிறது. மூன்றாவது வட்டு எங்கும் நிற்பதில்லை, ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை ஒலியில் தாழ்ந்த உறுமல் ஒன்றும் படத்தின் இருண்ட பகுதிகளில் ஓயாது துடிக்கும் பொடிப்புள்ளிகளும் இருக்கின்றன. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் பதிவுசெய்யப்பட்ட டிவிடிகளைப் பற்றிய முறையீடுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே அமைகின்றன. மூன்றுக்கும் ‘வட்டு சரியில்லை’ என்ற ஒரே தீர்ப்பு வழங்கப்பட்டு, துடைப்பதும் வேறு வட்டு வாங்கி மறுபடி எழுதுவதுமாக முயற்சிகள் வீணாகின்றன. உண்மையில் இவை வெவ்வேறு இடங்களில் பிறந்த கோளாறுகள். அவற்றுள் மூன்றாவதை எவ்வளவு மோசமான வட்டாலும் உண்டாக்கவே முடியாது. ஏன் முடியாது என்பதை விளங்கிக்கொள்ள, வட்டில் தகவல் எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு படிக்கப்படுகிறது, படிப்பதில் நேரும் பிழைகள் எவ்வாறு திருத்தப்படுகின்றன என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் திரைப்பட டிவிடியும் பதிவுசெய்யும் டிவிடியும் புறத்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உடையவை, இரண்டும் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. இரண்டிலும் தகவல் அந்தத் தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. திரைப்பட வட்டில் தகவல் என்பது அச்சில் வார்க்கப்பட்ட நுண்குழிகளின் வரிசை. வார்த்த பின் அதன்மேல் உலோகப் படலம் பூசப்படுகிறது. பதிவு வட்டில் குழிகள் இல்லை. அதில் உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரு வரிப்பள்ளம் மட்டுமே முன்கூட்டி வார்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் கரிமச் சாயம் ஒன்றும், சாயத்தின்மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் பூசப்பட்டிருக்கும். எழுதும் கருவியின் லேசர் கதிர் சாயத்தை நுண்ணிய இடைவெளிகளில் சூடேற்றுகிறது. சூடுபட்ட இடத்தில் சாயம் சிதைந்து, அவ்விடம் மற்ற இடங்களைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புகிறது. அந்த மங்கிய தழும்புகள்தாம் குழிகளுக்குப் பதிலாக நிற்கின்றன. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட சுற்றுகள். மிகக் குறுகிய தழும்பின் நீளம் 0.40 மைக்ரோமீட்டர். சுருளை நீட்டிப் பிரித்தால் ஏறக்குறைய 11.8 கிலோமீட்டர் வரும்.

இந்த ஏற்பாடு 1997-இல் பயனியர் நிறுவனம் வெளியிட்ட பதிவுக் கருவியோடு நடைமுறைக்கு வந்தது. அப்போதைய வட்டில் 3.95 ஜிகாபைட் மட்டுமே கொள்ளும், பின்னர் அது 4.7 ஆக உயர்ந்தது. 2002-இல் டிவிடி+ஆர் என்ற போட்டி வடிவம் வந்தபோது, கழித்தல் குறியுள்ள வட்டு நல்லதா, கூட்டல் குறியுள்ள வட்டு நல்லதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. எழுதும் கருவி தான் சுருளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் முறையில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. இரண்டின் வரிப்பள்ளமும் நேராகச் செல்லாமல் மிக நுண்மையாக நெளிந்து செல்கிறது, அந்த நெளிவின் வேகமும் முகவரி பொதிந்துள்ள விதமும் வெவ்வேறு. எழுதி முடித்த படத்தின் தரத்தில் இந்த வேறுபாட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை.

படிக்கும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் கதிர் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியாகத் தடத்தின்மேல் குவிக்கப்படுகிறது. வட்டு சுழலச் சுழல, திரும்பிவரும் ஒளி தழும்பின்மேல் குறைகிறது, தழும்புகளுக்கு இடைப்பட்ட வெளியில் கூடுகிறது. ஒளி எவ்வளவு குறைந்தது என்பதில் செய்தி இல்லை; மாற்றம் எந்த நொடித்துளியில் நிகழ்ந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. தழும்புகளும் இடைவெளிகளும் குறிப்பிட்ட சில நீளங்களில் மட்டுமே வருமாறு டச்சுப் பொறியாளர் கீஸ் இம்மிங்க் வகுத்த குறியீட்டு முறை டிவிடியில் பயன்படுகிறது: அடிப்படை அலகு ஒன்றின் 3 மடங்கு முதல் 11 மடங்கு வரை, அத்துடன் ஒத்திசைவுக் குறியாக 14 மடங்கு. தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டே பிளேயர் அதன் நீளத்தைக் கணிக்கிறது. சாயம் தேவைக்கு மேல் வெந்திருந்தாலோ போதிய அளவு வேகாமல் இருந்தாலோ தழும்பின் விளிம்புகள் உரிய இடத்தினின்று முன்பின்னாக விலகி நிற்கும். இந்த விலகலை நேர நடுக்கம் எனலாம். அடிப்படை அலகில் 8 அல்லது 9 சதவீதத்துக்கு மேல் இந்த நடுக்கம் போகக்கூடாது என்பது தரநிலை விதி. அதற்கு மேல் போனால் 3 அலகுத் தழும்பை 4 என்றும், 4-ஐ 3 என்றும் பிளேயர் தவறாகப் படிக்கும் வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது.

தவறாகப் படிப்பது விதிவிலக்கு அன்று, அன்றாட நிகழ்வு. புத்தம்புதிய நல்ல வட்டிலும் நொடிதோறும் பிழைகள் நேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவை திரையில் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், 1960-இல் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் பணியாற்றிய இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதவியலார் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீடு. அதன் கருத்தை வகுப்பாசிரியரின் மதிப்பெண் பதிவேட்டைக் கொண்டு விளக்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நெடுவரிசை. வரிசையின் ஓரத்தில் மாணவரின் கூட்டுத்தொகை, நெடுவரிசையின் அடியில் பாடத்தின் கூட்டுத்தொகை. ஒரு மதிப்பெண்ணின்மேல் மை கொட்டி மறைந்துவிட்டால், அந்த வரிசையின் கூட்டுத்தொகையிலிருந்து மற்றவற்றைக் கழித்து அதை மீட்டுவிடலாம். ஒரு மாணவரின் வரிசை முழுவதும் அழிந்துவிட்டாலும், ஒவ்வொரு பாடத்தின் கூட்டுத்தொகையையும் கொண்டு ஒவ்வொரு மதிப்பெண்ணாக மீட்கலாம். மீட்ட மதிப்பெண் தோராயமானதன்று, அசலேதான் என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

டிவிடியில் இந்தப் பதிவேடு 192 வரிசைகளும் ஒவ்வொரு வரிசையிலும் 172 பைட்டுகளும் கொண்டது. வரிசைதோறும் 10 சரிபார்ப்புப் பைட்டுகளும், அடியில் 16 சரிபார்ப்பு வரிசைகளும் சேர்க்கப்படுகின்றன. ரீட்–சாலமன் குறியீடு வெறும் கூட்டலைவிடத் திறன் மிக்கது. எந்தப் பைட் கெட்டது என்று யாரும் சொல்லாமலே தானாகக் கண்டுபிடித்து, ஒரு வரிசையில் ஐந்து பைட்டுகள் வரை அது திருத்திவிடும். அதற்குமேல் கெட்டிருந்தால் ‘இந்த வரிசை தேறாது’ என்று குறித்துவிட்டு நெடுவரிசைகளிடம் ஒப்படைக்கும்; நெடுவரிசைகள் அவ்வாறு குறிக்கப்பட்ட பதினாறு வரிசைகள் வரை மீட்கும். தடத்தின் நீளத்தில் இது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். அவ்வளவு தொடர்ச்சியான அழிவையும் ஒரு பைட் விடாமல் மீட்கும் ஆற்றல் வட்டுக்குள்ளேயே இருக்கிறது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் குறுக்காகச் செல்லும் கீறல் பெரும்பாலும் தொல்லை தராததற்கும், தடத்தின் திசையில் வளைந்து செல்லும் கீறல் சிறிதாயினும் படத்தை நிறுத்திவிடுவதற்கும் இதுவே காரணம்: முன்னது ஒவ்வொரு சுற்றிலும் சிறிதே தின்கிறது, பின்னது ஒரே சுற்றில் நீளமாகத் தின்றுவிடுகிறது. வட்டைத் துடைக்கும்போது மென்துணியால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக்கூடாது என்ற அறிவுரையின் அடிப்படையும் அதுதான். தூசியைப் பற்றிக் கவலை குறைவாகவே போதும். லேசர் கதிர் வட்டின் மேற்பரப்பைக் கடக்கும்போது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலமாக விரிந்திருப்பதால், அதைவிடச் சிறிய தூசித்துகள் கதிரின் ஒரு பங்கை மட்டுமே மறைக்கிறது.

இப்போது மையமான முடிவுக்கு வரலாம். பிழைதிருத்தம் தன் எல்லைக்குள் இருக்கும்வரை, ஆயிரக்கணக்கான பிழைகளுள்ள வட்டும் பிழையே இல்லாத வட்டும் திரைக்கு அனுப்பும் படம் ஒன்றே. ஓர் எண்கூட மாறுவதில்லை. எல்லை மீறப்பட்டால் சிறிதளவு தரம் குறைவதில்லை, 32 கிலோபைட் அளவுள்ள பதிவேடு முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகிறது. முழு மீட்புக்கும் பெரும் இழப்புக்கும் நடுவே படிப்படியான சரிவு இல்லை. ஒலிநாடாவிலும் விஎச்எஸ் நாடாவிலும் பழகிய தலைமுறைக்கு இது புதிது: அங்கே காந்தப்பூச்சின் தேய்வு நேரடியாக இரைச்சலாகவும் நிற மங்கலாகவும் வெளிப்படும், நாடா எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு இரைச்சல். அந்தப் பழக்கத்தால்தான் டிவிடியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்டாலும் வட்டின்மேல் பழி விழுகிறது. தொடர்ச்சியான இரைச்சல், உறுமல், பொடிப்புள்ளிகள், நிறக்கலக்கம், மங்கல் ஆகிய எதையும் வட்டு உண்டாக்காது. வட்டுக்குள் எழுதப்பட்ட எண்களிலேயே அவை இருக்க வேண்டும், அல்லது பிளேயரை விட்டு வெளியேறிய பின் கம்பியிலும் தொலைக்காட்சியிலும் சேர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வட்டின் உண்மையான கோளாறு எவ்வாறு தோன்றும்? அதன் உருவத்தை எம்பெக்-2 என்ற சுருக்க முறை தீர்மானிக்கிறது. இந்த முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகவும், அவற்றைச் சேர்த்து 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட பெருங்கட்டங்களாகவும் பிரித்துக் கையாள்கிறது. ஆகவே இழப்பும் சதுர வடிவிலேயே வெளிப்படுகிறது. மேலும், நொடிக்கு 25 சட்டகங்களில் ஒவ்வொன்றும் முழுப்படமாக எழுதப்படுவதில்லை. ஏறக்குறைய 12 அல்லது 15 சட்டகங்களுக்கு ஒன்று மட்டுமே முழுமையாக எழுதப்பட்டு, இடைப்பட்டவை முந்தைய அல்லது பிந்தைய சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாக மட்டுமே எழுதப்படுகின்றன. முழுச் சட்டகம் ஒன்றில் நேரும் காயம் அதைச் சார்ந்த அனைத்திலும் பரவி, அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை, அதாவது அரை நொடியளவு, திரையில் நிற்கிறது. ஒலி டால்பி டிஜிட்டல் முறையில் 32 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக அடைக்கப்பட்டிருப்பதால், கெட்ட துண்டு ஒன்று கணநேர மௌனமாகவோ ‘டிக்’ என்ற வெட்டாகவோ கேட்கும். சதுரச் சிதறல், உறைந்த படம், தாவல், வெட்டுண்ட ஒலி, அரை நொடியில் தெளிதல் ஆகியவை படிப்பதில் நேர்ந்த இழப்பின் அடையாளங்கள். மாறாத இரைச்சல் அவற்றுள் சேராது.

இந்த அடையாளங்களைக் கண்ட பின்னும் ஐயம் எழுந்தால், அதைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: வட்டில் உள்ள கோப்புகள் அனைத்தையும் கணினியின் வன்தட்டுக்கு நகலெடுத்து, நகலை அங்கிருந்தே ஓட்டிப் பார்ப்பது. நகலெடுப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டால் வட்டில் மீட்க முடியாத பகுதி இருக்கிறது. தடையின்றி நகலாகியும் அதே இடத்தில் அதே கோளாறு தெரிந்தால், அது பதிவிலேயே இருக்கிறது, எத்தனை வட்டுகளில் எழுதினாலும் கூடவே வரும். நகல் தெளிவாக ஓடினால் வட்டில் தகவல் முழுமையாக இருக்கிறது, பிளேயரால்தான் அதை உரிய நேரத்தில் படிக்க முடியவில்லை. நல்ல நிலையிலுள்ள திரைப்பட வட்டு ஒன்றை அதே பிளேயரில் ஓட்டிப் பார்ப்பது நான்காவது வாய்ப்பையும் பிரித்துவிடும்: அதிலும் உறுமலோ கோடுகளோ தெரிந்தால் குற்றம் கம்பி இணைப்பிலோ தொலைக்காட்சியிலோ இருக்கிறது.

கணினி படிப்பதை வரவேற்பறைப் பிளேயர் ஏன் படிக்கத் தவறுகிறது என்பது பலரைக் குழப்பும் கேள்வி. கணினிக்கு அவசரமில்லை, படிக்க முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, சுழற்சி வேகத்தைக் குறைத்து, பத்து முறை முயன்று நகலெடுத்துவிடலாம். பிளேயருக்கோ படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது வட்டிலிருந்து பெறக்கூடிய தகவல் நொடிக்கு ஏறக்குறைய 11 மெகாபிட். படமும் ஒலியும் சேர்ந்து 10.08 வரை போகலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. எல்லையை ஒட்டிச் சுருக்கப்பட்ட காட்சிகளில் மறுமுயற்சிக்கு நேரமே மிஞ்சுவதில்லை. ஒருமுறை திரும்பிப் படித்தாலே முன்சேமிப்பு வற்றிப் படம் நின்றுவிடும். ஆகவே, சொந்தமாக எழுதும் வட்டுகளில் உச்ச வேகத்தை 8 மெகாபிட் அளவில் நிறுத்துவது நல்ல வழக்கம். கண்ணுக்குத் தெரியும் இழப்பு அதனால் பெரும்பாலும் ஏற்படுவதில்லை, பிளேயருக்குக் கிடைக்கும் அவகாசமோ பெரிது.

ஒளி திரும்பும் அளவும் பிளேயருக்குப் பிளேயர் வேறுபடும் நடத்தையின் மற்றொரு காரணம். ஒருமுறை எழுதும் வட்டு விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்ப வேண்டும் என்பது விதி. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டில் சாயம் இல்லை. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் ஆகியவற்றின் கலவை போன்ற ஓர் உலோகக் கலவை உள்ளது. அது படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிச் செல்வதே எழுதுவதும் அழிப்பதும். அது திருப்பும் ஒளி 18 முதல் 30 சதவீதமே. இரண்டடுக்குத் திரைப்பட வட்டின் அளவும் அதுவே ஆகையால், பழைய பிளேயர்கள் சில ஆர்டபிள்யூ வட்டை இரண்டடுக்கு வட்டு என்று கருதி இல்லாத அடுக்கைத் தேடித் திணறின. படமெடுத்த கருவியில் மட்டும் ஓடி வேறெதிலும் ஓடாத வட்டில் காரணம் பெரும்பாலும் இதைவிட எளியது: பதிவு முடிந்தபின் செய்ய வேண்டிய ‘ஃபைனலைஸ்’ என்ற இறுதிப்படுத்தல் செய்யப்படவில்லை. அந்தக் கட்டத்தில்தான் உள்ளடக்க அட்டவணையும், தகவல் முடிந்தது என்று காட்டும் வெளிவளையமும் எழுதப்படுகின்றன. அவை இல்லாத வட்டைப் பிற பிளேயர்கள் வெற்று வட்டு என்றே கொள்ளும். இரண்டடுக்கு வட்டில் நடுவே ஒருமுறை கணநேரம் படம் நிற்பது மட்டும் கோளாறு அன்று. லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குக் குவியத்தை மாற்றும் நேரம் அது.

முதல் ஒரு மணிநேரம் தெளிவாக ஓடிப் பின்னர் சிதறும் வட்டின் புதிர் இதனினும் சுவையானது. தகவல் உள்வளையத்தில் தொடங்கி விளிம்பில் முடிகிறது. ஆகவே படத்தின் இறுதிப் பகுதி என்பது வட்டின் வெளிப்பகுதி. வட்டின் எல்லாக் குறைகளும் அங்கே பெருகுகின்றன. சாயம் சுழலும் தகட்டின்மேல் ஊற்றிப் பரப்பப்படுவதால் விளிம்பருகே தடிமன் சீராக அமைவது கடினம். வட்டு சிறிதளவு வளைந்திருந்தாலும் மையத்தில் தெரியாத சாய்வு விளிம்பில் பெரிதாகி, லேசர் புள்ளி கோணலாக விழுகிறது. அடர்த்தி மிகுந்த டிவிடி இந்தச் சாய்வைச் சீடியைவிடக் குறைவாகவே பொறுக்கிறது. மணமக்களின் படத்தை அச்சிட்டு வட்டின்மேல் ஒட்டும் வழக்கம் ஸ்டூடியோக்களில் பரவியிருந்தது. அந்தத் தாள் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது சுருங்கியும் விரிந்தும் வட்டை வளைக்கிறது, சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் சுழற்சியின் சமநிலையையும் கெடுக்கிறது. அழகுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிறு காரியம் எத்தனையோ குடும்பங்களின் ஒரே பதிவுக்குக் கேடாக முடிந்தது என்பது வருந்தத்தக்கது.

எழுதும் வேகமும் விளிம்பையே தாக்குகிறது. இயல்பு வேகத்தில் படிக்கும்போது வட்டு உள்வளையத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்றும், விளிம்பில் 570 சுற்றும் சுழல்கிறது. 16 மடங்கு வேகம் என்று விளம்பரப்படுத்தப்படும் எழுத்தில் அந்த வேகம் விளிம்பில் மட்டுமே எட்டப்படுகிறது. அங்கே வட்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழல, சாயத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறுகுகிறது, அதை ஈடுசெய்ய லேசரின் திறன் உயர்த்தப்படுகிறது. எழுதத் தொடங்கும் முன் கருவி வட்டின் உள்ளோரத்தில் ஒதுக்கப்பட்ட சோதனைப் பகுதியில் வெவ்வேறு திறன்களில் எழுதிப் பார்த்து, உகந்த அளவைத் தேர்ந்துகொள்ளும். உள்ளோரத்தில் தேர்ந்த அளவு விளிம்பின் சாயத்துக்கும் பொருந்தும் என்பது அனுமானமே. ஆகையால் வட்டின் உச்ச வேகத்தில் பாதியளவில் எழுதுவதும், விளிம்புவரை நிரப்பாமல் சிறிது இடம் விடுவதும் பயன் தருகின்றன. மிகக் குறைந்த வேகமே எப்போதும் சிறந்தது என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அதிவேக எழுத்துக்கென உருவாக்கப்பட்ட சாயம் மிக மெதுவாக எழுதும்போது சீராக வேகாமல் போவதும் உண்டு.

இனி, வட்டுக்குத் தொடர்பில்லாத மூன்றாவது கோளாறு. ஒற்றை அடுக்கு வட்டில் உள்ள 470 கோடி பைட்டுகளை இரண்டு மணிநேரத்துக்குப் பகிர்ந்தால் நொடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட் கிடைக்கும்; நான்கு மணிநேரத்துக்குப் பகிர்ந்தால் 2.6, ஆறு மணிநேரத்துக்கு 1.7 மட்டுமே. பதிவுக் கருவியில் எஸ்பி, எல்பி, ஈபி என்று குறிக்கப்பட்டுள்ள முறைகள் இந்தப் பங்கீடே தவிர வேறில்லை. பங்கு குறையும்போது சுருக்கமுறை நுண்விவரங்களைக் கைவிடுகிறது: நகரும் கூட்டத்தில் கட்டங்கள் தெரியும், எழுத்துகளின் விளிம்பைச் சுற்றிச் சிறு அதிர்வுகள் மொய்க்கும், மெல்ல இருளும் வானத்தில் படிக்கட்டுகள் தோன்றும். பழைய விஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்றும்போது இந்தத் தொல்லை இரட்டிக்கிறது. அடுத்த சட்டகம் முந்தையதை ஒத்திருக்கும் என்ற எதிர்பார்ப்பின்மேல் எம்பெக்-2 கட்டப்பட்டிருக்க, நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாக இருக்கிறது. ஒத்துப்போகாத அந்தப் புள்ளிகளை விவரிப்பதிலேயே பிட்டுகள் செலவாகி, முகங்களுக்கு மிஞ்சுவது குறைந்துவிடுகிறது. ஆகவே சுருக்கத்துக்கு முன்பே இரைச்சலைக் குறைக்க வேண்டும். சுருக்கியபின் குறைக்க முயன்றால் இரைச்சலோடு கட்டங்களும் சேர்ந்து உறைந்திருக்கும், பிரிக்க முடியாது.

அசைவின்போது உருவங்களின் ஓரம் சீப்புப்பல்லாகக் கிழிவதும் பதிவின் கோளாறே. நமது தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகம் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளுமாக இரண்டு அரைப்படங்களால் ஆனது. அவற்றின் முறை மாறி எழுதப்பட்டால் ஓடும் குழந்தை முன்னும் பின்னும் துள்ளுவதாகத் தெரியும். ஒலியில் கேட்கும் தாழ்ந்த உறுமல் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் சுவடு. நாடா ஓட்டியும் பதிவுக் கருவியும் வெவ்வேறு இடங்களில் புவித்தொடர்பு கொண்டிருக்கும்போது, குறிப்பாக கேபிள் டிவி இணைப்பு ஒன்றும் சேர்ந்திருக்கும்போது, ஒலிக்கம்பியின் உறையில் அந்த மின்னோட்டம் கசிந்து பதிவாகிவிடுகிறது. மாற்றும்போது கேபிள் இணைப்பைக் கழற்றிவிட்டு எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் இணைத்தாலே பெரும்பாலும் அது அடங்கிவிடும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் ஒலி பிளவுபட்டு இரைந்தால், பதிவளவு உயர்த்தி வைக்கப்பட்டு அலையின் முகடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டுண்ட முகடு வட்டில் இல்லை, ஆகவே எந்தப் பிளேயராலும் அதைத் திருப்பித் தர இயலாது.

வட்டின் நிலையைப் பற்றிய இந்தக் கூற்றுகள் ஊகங்கள் அல்ல. பிழைதிருத்தம் எத்தனை முறை தேவைப்பட்டது என்பதைச் சில கணினி டிவிடி ரைட்டர்கள் வெளியிடுகின்றன. அதை மென்பொருள் கொண்டு வரைபடமாக்கினால், திரையில் எந்தக் குறையும் தெரியாத வட்டிலும் விளிம்பை நோக்கிப் பிழைகள் ஏறுவதைக் காணலாம். தொடர்ச்சியான எட்டுப் பதிவேடுகளில் பிழையுள்ள வரிசைகள் 280-ஐத் தாண்டக்கூடாது என்பது தரநிலை வகுத்த எல்லை. ஒரே வட்டை இரண்டு ரைட்டர்கள் வெவ்வேறு எண்களில் மதிப்பிடும் என்பதால் தனி எண்ணைவிட, ஒரே கருவியில் ஆண்டுக்கு ஒருமுறை அளந்த எண்கள் எவ்வாறு நகர்கின்றன என்பதே பொருள் தருகிறது. ஆயுளை அறிய, வட்டுகளை உயர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்து, பிழைகள் ஏறும் வேகத்தை அளந்து, அறை வெப்பநிலைக்குக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய ஆய்வுகளை நடத்தியது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் வட்டுகள் ஆயுளில் பெரிதும் வேறுபடுவதையும், சாயத்தின் வகையும் தயாரிப்புத் தரமும் அதைத் தீர்மானிப்பதையும், நேரடி ஒளி சாயத்துக்குப் பகை என்பதையும் அவை காட்டின. அந்நிறுவனம் 2003-இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தையும் பரிந்துரைக்கிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ சாதாரண வீட்டு அலமாரி எதுவும் அந்த அளவுக்குள் வராது. கடலோர வீடுகளில் உள்ள பதிவு வட்டுகளை இன்றே நகலெடுப்பது அவசரமான வேலை.

ஏற்கெனவே படிக்க மறுக்கும் வட்டுகளையும் உடனே கைவிட வேண்டியதில்லை. ஒரு ரைட்டர் படிக்காததை வேறு நிறுவனத்தின் ரைட்டர் படிப்பது மிக இயல்பு, ஏனெனில் அவற்றின் வில்லைகளும் குவியக் கட்டுப்பாடும் வேறு. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் வட்டை 2,048 பைட் துண்டுகளாக நகலெடுத்து, எந்தத் துண்டுகள் கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். மறுமுறை வேறொரு கருவியில் ஓட்டும்போது விடுபட்டவற்றை மட்டும் தேடும். திருமண வட்டுகள் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று ஒரே கோப்பிலிருந்து எழுதப்பட்டவை. அவ்வாறாயின் இரண்டு வட்டுகளிலும் ஒவ்வொரு துண்டும் ஒரே எண்ணுள்ள இடத்தில் ஒரே உள்ளடக்கத்தோடு இருக்கும். இரண்டும் கெட்டிருந்தாலும் ஒரே இடங்களில் கெட்டிருப்பது அரிது. ஆகவே முதல் வட்டில் கிடைத்தவரை நகலெடுத்தபின், அதே வரைபடக் கோப்போடு இரண்டாவது வட்டைக் கொடுத்தால், ஒன்றில் விடுபட்ட துண்டுகளை மற்றொன்றிலிருந்து மென்பொருள் நிரப்பிவிடும்.